சிப்பாய் பாஸ், டாக்டர் ஃபெயில்

முதலில் உங்களுக்கு ஒரு சின்ன க்விஸ்.

தலைநகர் டெல்லி. அங்கே சில வகை ஆட்களைத் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுக்கிறார்கள். ராணுவச் சிப்பாய்கள் ஒரு கூட்டம். டாக்டர்களும் நர்ஸ்களும் ஒரு கூட்டம். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், தோல் நிறம் வெளுத்துப்போனவர்கள் என்று இன்னும் சில கூட்டங்கள். யாருக்கும் சொல்லும்படியான வியாதி கிடையாது. இவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பரீட்சை. யார் பாஸ் ஆகியிருப்பார்கள்?

டாக்டர்கள் என்று சொல்லியிருந்தால் நீங்கள் அவுட். உடம்பைப் பற்றி நாட்டிலேயே அதிகம் படித்தவர்கள், அதுவும் வெயில் காலத்தில் ஒரு முறை, குளிர் காலத்தில் ஒரு முறை என்று சோதிக்கப்பட்டவர்கள், இரண்டிலும் தேறவில்லை. கர்ப்பிணிகள் தேறவில்லை. அவர்கள் வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டு வரவேண்டிய குழந்தைகள் எப்படித் தேறும்? தேறியது ஒரே ஒரு கூட்டம். சிப்பாய்கள். அதுவும் டெல்லிக் குளிர்காலத்தில்!

எய்ம்ஸ் மருத்துவர் ரவீந்தர் கோஸ்வாமியும் அவருடைய சகாக்களும் செய்த இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு அமெரிக்கச் சத்துணவு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளியானது. 'வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவில் வைட்டமின் டி குறைபாடா, சும்மா இருங்க சார்' என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவ உலகம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, டாக்டர்கள் இத்தனை பேர் இருக்க, இந்தக் கதையில் சிப்பாய் எங்கிருந்து வந்தான்? அவன் புதிதாக வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டாகவே எலும்பு விஷயத்தில் அவன்தான் உலகத்துக்குச் சோதனை எலி.

1855-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்யா ராணுவம். அங்கே பிரைட்ஹாப்ட் என்று ஒரு டாக்டர். புதிதாகப் படையில் சேர்ந்த பையன்கள் நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த பிறகு கால் வீங்கி, ஊன்ற முடியாமல் அவரிடம் வருகிறார்கள். விழவில்லை, அடிபடவில்லை, குண்டு படவில்லை. வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் வலி உயிர் போகிறது. மேலதிகாரிகள் 'பய நடிக்கிறான்' என்று நினைத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரைட்ஹாப்ட் இதை ஒழுங்காகக் குறித்துவைத்தார். ஆனால் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. தசைநார் சமாசாரம் என்று நினைத்தார்.

காரணத்தைப் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில், 1897-ல், ஸ்டெக்கோ என்ற ஜெர்மன் ராணுவ டாக்டர் சிப்பாய்களின் வீங்கிய பாதத்தைப் படம் பிடித்துப் பார்த்தார். பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் மெல்லிய விரிசல்! ஒரே அடியில் உடைந்த எலும்பு அல்ல. ஆயிரக்கணக்கான லெஃப்ட்-ரைட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நொந்துபோன எலும்பு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் பட்டென்று விட்டுவிடுமே, அதுபோல. இதற்கு 'மார்ச் ஃப்ராக்சர்' என்றே பெயர் வந்துவிட்டது. அணிவகுப்பு முறிவு.

எலும்பு உயிருள்ள பொருள். தினமும் தேயும், தினமும் ரிப்பேர் ஆகும். ரிப்பேருக்கு வேண்டிய சிமென்ட் கால்சியம். அந்தக் கால்சியத்தைக் குடலிலிருந்து உள்ளே இழுத்துப் போடுகிற மேஸ்திரிதான் வைட்டமின் டி. மேஸ்திரி லீவு போட்டால் வாசலில் எத்தனை மூட்டை இறக்கியும் பிரயோஜனம் இல்லை. இது பிரைட்ஹாப்டுக்கும் தெரியாது, ஸ்டெக்கோவுக்கும் தெரியாது. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறக்கப்போகிறது.

இப்போது கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போவோம். சூரியன் மறையாத சாம்ராஜ்ஜியம். ஆனால் அதன் தலைமையகத்தில் சூரியனே தெரியாது. நிலக்கரிப் புகை அப்படி! லண்டன், கிளாஸ்கோ, மான்செஸ்டர் சந்துகளில் வளர்ந்த ஏழைத் தொழிலாளி வீட்டுக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால் வில்லாக வளைந்தது. பல தலைமுறைகளாக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஏழைக் குழந்தையின் கால்தானே!

அந்தக் கால் ராணுவத்துக்குத் தேவைப்பட்டபோதுதான் அலட்டல் ஆரம்பித்தது. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். நகரங்களில் படைக்கு ஆள் எடுக்கப்போனால், வந்தவர்களில் பெருங்கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. குள்ளம், சொத்தைப் பல், பலவீன நெஞ்சு, வளைந்த கால். அரசாங்கம் பதறிப்போய்க் கமிட்டி போட்டது. 1904-ல் அறிக்கை வந்தது. பிறகு முதல் உலக யுத்தம். அதன் கடைசி ஒரு வருடத்தில் சுமார் 24 லட்சம் ஆண்களைப் பரிசோதித்தார்கள். முழுத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். எல்லாப் பழியையும் ரிக்கெட்ஸ் மேல் போட முடியாது. பசி, காசநோய், தொழிற்சாலை என்று பங்காளிகள் நிறைய. ஆனாலும் ஒரு தேசத்தின் வளைந்த கால்களை அந்தப் பரிசோதனைப் பட்டியல் வரிசையில் நிறுத்திக் காட்டியது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விடை ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. தியோபால்ட் பாம் என்று ஒரு மிஷனரி டாக்டர். ஜப்பானில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். ஜப்பானில் கண்ணிலேயே படாத ரிக்கெட்ஸ் இங்கே தெருவுக்குத் தெரு. ஆசிய நாடுகளில் இருந்த சக மிஷனரி டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். பரம ஏழைகள் வாழும் நாடுகள்தான், ஆனால் வெயில் உள்ள இடத்தில் இந்த நோய் இல்லை. 1890-ல் கட்டுரையாக எழுதினார். குழந்தைகளை வெயிலில் விடுங்கள் என்றார். கேட்பாரில்லை. வெயில் ஓசியில் கிடைப்பதால் மதிப்பில்லையோ என்னவோ.

விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதும் இந்தக் காலத்தில்தான். ஒரு கட்சி 'சாப்பாடு' என்றது. எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து ஓட்ஸ் கஞ்சி ஊற்றி ரிக்கெட்ஸ் வரவழைத்தார். மீன் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். இது 1919. அதே 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகள் மேல் புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டிக் குணப்படுத்தினார். அவர் செய்ததில் ஓர் அழகான வேலை, ஒரு கைக்கு மட்டும் விளக்கொளி காட்டியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் காட்டாத கையும் சேர்ந்து குணமாகியிருந்தது! அப்படியானால் ஒளி நேராக எலும்பை சரிசெய்யவில்லை. தோலில் ஏதோ ஒன்று தயாராகி ரத்தத்தில் பயணம் போகிறது.

இரண்டு கட்சியும் ஜெயித்த அபூர்வமான தேர்தல் இது. மீன் எண்ணெயில் இருந்ததும் தோலில் தயாரானதும் ஏறக்குறைய ஒரே சரக்கு. 1922-ல் மெக்கல்லம் அதற்கு டி என்று பெயர் வைத்தார். ஏ, பி, சி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் காரணம். 1928-ல் இந்த வகை ஆராய்ச்சிக்காக விண்டாஸ் நோபல் பரிசு வாங்கினார்.

அதே 1922-ல் நம் நாட்டிலும் ஒரு காரியம் நடந்தது. நம்மவர்களுக்கே அதிகம் தெரியாத காரியம்.

பம்பாய் மாகாணத்தின் நாசிக் பகுதியில் ஹட்சிசன், ஷா என்ற இருவர் ரிக்கெட்ஸையும் பெரியவர்களுக்கு வரும் எலும்பு உருக்கியையும் தேடிப் போனார்கள். லண்டன் அனுபவப்படி பார்த்தால் ஏழைக் குடிசையில்தான் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தது! வயலில் வேலை பார்த்த, மட்டமான சாப்பாடு சாப்பிட்ட கூலிக் குடும்பங்களில் நோய் இல்லை. வசதியான வீடுகளில் இருந்தது. கோஷா முறையில் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட பெண்களுக்கும், அவர்களுடன் உள்ளேயே வளர்ந்த குழந்தைகளுக்கும். இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் ஒன்றுதான். மதம் அல்ல, சுவர்தான் விஷயம். இடுப்பெலும்பு சுருங்கி, பிரசவத்தில் அந்தப் பெண்கள் பட்ட பாடு வேறு பெரிய கதை. டாக்டர் கேத்லீன் வாகன் என்ற பெண்மணி அதற்காகவே 1928-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

இங்கிலாந்தில் வெயில் இல்லாதவன் ஏழை. இந்தியாவில் வெயில் இல்லாதவன் வசதியானவன். இந்த வரியைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தவன், இயற்பியல் கேட்டால் ஓடிவிடுவேன். ஆனால் இது எளிய கணக்கு. தோலில் வைட்டமின் டி தயாரிப்பது சூரிய ஒளியில் ஒரு குறிப்பிட்ட புற ஊதாக் கதிர். சூரியன் சாய்ந்து வந்தால் அந்தக் கதிரைக் காற்று மண்டலமே தின்றுவிடும். உச்சிக்குக் கிட்டத்தில் வந்தால்தான் நம்மிடம் வந்து சேரும். அது வருகிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வருகிறது. நீளமாக இருந்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

குன்றக்குடிக்கு வாருங்கள். காரைக்குடியிலிருந்து எட்டுகிற தூரம். தைப்பூசத்துக்குப் பழநி போகிற நகரத்தார் காவடிகள் இங்கே ஒன்றுசேர்ந்துதான் நடைப்பயணம் கிளம்பும். அந்தத் தை மாதக் குளிரில் உச்சிவேளைக்கு சண்முகநாதர் மலையடிவாரத்தில் ஐந்தரை அடி மனிதர் ஒருவர் வெற்றுடம்பில் காவடியோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் மூன்று அடிதான் இருக்கும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நிழல் காலடியில் காணாமல் போகும். அதே மனிதரை டிசம்பர் கடைசியில் டெல்லியில் நிறுத்துங்கள். நடுமதியத்திலேயே நிழல் ஏழு அடி. பின்லாந்தின் ஹெல்சின்கியில் நிறுத்தினால் கிட்டத்தட்ட ஐம்பது அடி!

பின்லாந்தில் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி உண்டு. அங்கே 756 சிப்பாய்களைப் பயிற்சிக் காலத்தில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. 22 பேருக்கு அந்தப் பழைய அணிவகுப்பு முறிவு. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்த பாதிக் கூட்டத்தில்தான் முறிவு கூடுதலாக இருந்தது. அந்த நாடு சும்மா இருக்கவில்லை. 2003-லேயே பாலில் வைட்டமின் டி கலக்க ஆரம்பித்துவிட்டது. வெயிலை இறக்குமதி செய்ய முடியாதே, வேறு என்ன செய்வார்கள்?

நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். நம் தோலின் கருமை வெயிலுக்குப் பிடித்த குடை. வெள்ளைக்காரருக்குச் சில நிமிடத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்கப் பல மடங்கு நேரம் ஆகும். அத்துடன், கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது. எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் வானம் பார்த்த வளவு உண்டு. வற்றலும் வடகமும் காய்வது அங்கேதான். காயப்போட வந்த ஆச்சிக்கு வெயில் நேராகவே கிடைக்கும். அதே வீட்டின் ஜன்னலில் பதித்த பெல்ஜியம் கண்ணாடி வழியாக வரும் வெயில் தரையில் வண்ணக் கோலம் போடும். வைட்டமின் போடாது. காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்து 'என்னா வெயில்' என்று அலுத்துக்கொள்பவருக்கும் இதேதான்.

இப்போது அந்த டெல்லி ஆய்வுக்குத் திரும்புங்கள். 1922 நாசிக்கின் கோஷா வீடும் 2000-ஆம் ஆண்டு டெல்லியின் ஆஸ்பத்திரியும் ஒரே கதைதான். விடியும்போது உள்ளே போய் இருட்டும்போது வெளியே வருகிற டாக்டரும் நர்ஸும் படித்து, சம்பாதித்து, தாங்களாகவே கட்டிக்கொண்ட கோஷாவுக்குள் இருந்தார்கள். டெல்லியின் புகை வேறு மேலே ஒரு திரை. சிப்பாயோ மைதானத்தில் இருந்தான். அவன் விரும்பியா இருந்தான்? ஹவில்தார் விசில் ஊதினார், நின்றான். ஆனால் எலும்புக்கு அதெல்லாம் தெரியாது.

சிப்பாய் ஜெயித்ததற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. அவனுக்குச் சாப்பாட்டில் கால்சியமும் போதுமான அளவு இருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயணன் குழுவினர் கிராமத்து விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தபோது கதை சற்று மாறியது. நாளெல்லாம் வெயிலில் வேலை பார்ப்பவர்கள். நகரத்துக்காரர்களைவிட வைட்டமின் டி அதிகம்தான். ஆனால் வெயிலுக்கு ஏற்ற அளவு அதிகம் இல்லை. அவர்கள் சாப்பாட்டில் கால்சியம் படுமோசம். கால்சியம் இல்லாதபோது உடம்பு கையிருப்பு வைட்டமின் டி-யை வேகமாகச் செலவழித்துவிடும். வெயில் இருந்தும் பால் இல்லாதவன் கூலிக்காரன். பால் இருந்தும் வெயில் இல்லாதவர் டாக்டர். இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடைத்தது பட்டாளத்தில்தான். எனக்கு இந்த முழுக் கதையிலும் உறுத்துகிற இடம் இதுதான். ஒரு விவசாயி மகன் வயலில் கிடைக்காத கால்சியத்துக்குத் துப்பாக்கி தூக்க வேண்டியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதைத் தட்டிலிருந்து தள்ளிவிட்டு வெறும் பட்டை தீட்டிய அரிசிக்கு மாறினோமே, அந்தக் கணக்கையும் இதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இரட்டைக் கூட்டணியை நேராகவே சோதித்துப் பார்த்தது அமெரிக்கக் கடற்படை. கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்கள். எட்டு வாரம். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும். மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் எலும்பு முறிவு 20 சதவிகிதம் குறைவு. பிரைட்ஹாப்ட் கால் வீக்கத்தைக் குறித்துவைத்து 153 வருடம் கழித்து!

பட்டாளம் என்றால் மைதானம் மட்டும்தானா? நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவனும் சிப்பாய்தான். அவனுக்கு இரண்டு மூன்று மாதம் சூரியனே கிடையாது. உடம்பு என்ன செய்யும்? வைட்டமின் டி-யைக் கொழுப்பில் டெபாசிட் போட்டு வைத்திருக்கும். வரவு நின்றால் டெபாசிட்டை உடைக்கும். ரத்தத்தில் ஓடுகிற இருப்பு இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகும். ரோந்து முடிந்து கரையேறும்போது பாஸ்புக்கில் இருப்பு நன்றாகவே குறைந்திருக்கும். அமெரிக்கக் கடற்படை தன் ஆட்களிடம் இதை அளந்து பார்த்திருக்கிறது. நம் கடற்படையில் 1967-ல் முதல் நீர்மூழ்கியாக ஐ.என்.எஸ். கல்வரி சேர்ந்தது. நீருக்கடியில் இருக்கும் கப்பல்களுக்குத் தகவல் அனுப்பத் திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990-ல் தொடங்கியது. நம்மூர்ப் பொட்டல் வெயிலில் நிற்கும் கோபுரங்களின் ரேடியோ அலை கடலுக்கடியில் ஓரளவு போகும். அந்த வெயில் போகாது.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

அந்த டெல்லிச் சிப்பாய்களின் சராசரியை இன்றைய லேப் கணக்கில் மாற்றினால் மில்லிலிட்டருக்கு சுமார் 19 நானோகிராம் வரும். பரவலாகப் புழங்கும் ரிப்போர்ட்களில் 20-க்குக் கீழே என்றால் குறைபாடு என்று அச்சடித்திருக்கும். 30 வரை போதாது என்று இருக்கும். அதாவது அன்றைக்கு முதல் மாணவனாகத் தேறிய அந்த ஜவான் இன்று மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போனால் அவன் கையிலும் ஒரு சீட்டு திணிக்கப்படும். வாரம் ஒன்று, 60,000 யூனிட். 20, 30 என்று அந்தக் கோடுகளை 2011-ல் பிரபலப்படுத்திய அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கமே 2024-ல் அவற்றைக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள் சும்மா சும்மா இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. 2022-ல் சுமார் 26 ஆயிரம் அமெரிக்கர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்விலும், குறைபாடு பார்த்துப் பொறுக்காத சாதாரணப் பெரியவர்களுக்கு மாத்திரை கொடுத்ததால் எலும்பு முறிவு குறையவில்லை. எட்டு வாரம் விடாமல் ஓடவிடப்படும் சிப்பாயின் எலும்பு வேறு, சோபாவில் இருக்கும் எலும்பு வேறு.

இதைப் படித்துவிட்டு 'மாத்திரையே வேண்டாம்' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிஜமாகவே அடிமட்டத்தில் இருப்பவர், எலும்பு வலிக்காரர், கர்ப்பிணி, வயதானவர், வெளியே வர முடியாதவர், இவர்களுக்கு டாக்டர் சொன்னால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் எட்டு வாரம் என்று எழுதியதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி எட்டு மாதம் விழுங்குகிறவர்கள் நம் ஊரில் உண்டு. இது சிறுநீரில் போகிற வைட்டமின் இல்லை. கொழுப்பில் சேர்கிற வைட்டமின். இங்கிலாந்தில் யுத்தத்துக்குப் பிறகு குழந்தைகளின் பால் பவுடர், தானிய மாவு, மீன் எண்ணெய் என்று எல்லாவற்றிலும் வைட்டமின் டி-யை அள்ளிப் போட்டார்கள். ரிக்கெட்ஸ் போனது. 1950-களில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் எகிற ஆரம்பித்தது. வாந்தி, எடை குறைவு. 1957-ல் அளவைக் குறைத்தார்கள்.

வெயிலில் அந்த ஆபத்து இல்லை. தேவைக்கு மேல் தயாரானால் தோலே அதை உடைத்துப் போட்டுவிடும். திருப்பதிக்காரர்கள் நேரத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்து வானத்தில் வைட்டமின் டி நன்றாகத் தயாராவது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. அதாவது, நாம் 'வெளியே தலைகாட்டாதே' என்று பிள்ளைகளை அதட்டி உள்ளே இழுக்கிற அதே நேரம். காலை ஆறு மணி வாக்கிங் இதயத்துக்கு நல்லது, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்நேரத்தில் உங்கள் நிழல் எவ்வளவு நீளம் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.